ரத்து செய்த எடைகள்

மத்தியானம் 12.20. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், மூன்று மலைகளில் தேயிலைக் கொழுந்தின் எடையைப் பதிந்துகொண்டிருந்த டெப் கைக்கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்தன. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

ஆபீஸுக்கு முன்னால், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில், மேனேஜர் விஜேந்திரன் கிளார்க் கிருஷாந்தியைக் கூப்பிட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

"மூணு தடவையும் சர்வரை நிறுத்தினது நீங்கதான். பதிவு இருக்கு."

"உறைஞ்ச பிறகுதாங்க சேர் நிறுத்திப் போட்டேன். போட்டா எழும்புது. ஏன்னு எனக்கே விளங்கல."

"பின்னேரத்துக்குள்ள விளங்கலன்னா, நாளைக்கு வரவேணாம்."

புரோகிராமை எழுதிய வினோஜன் பக்கத்தில் கைகட்டி நின்றான். "என் புரோகிராம்ல பிழை இல்ல சேர். ஹட்டன்ல நூறு எடை போட்டுப் பாத்துட்டுத்தான் தந்தேன்."

1.45. கம்பனி அனுப்பிய பரிசோதகர் ஜெயந்தினி வந்து சேர்ந்தாள்.

"சிக்னல் போச்சா?"

"இல்லங்க. மத்த சைட்டெல்லாம் திறந்துச்சு" என்றாள் கிருஷாந்தி.

"கரண்ட்?"

"இருந்துச்சு."

"நேத்து?"

"நேத்து உறையவே இல்ல."

"நேத்து நீங்க?"

"காலையிலருந்து இங்கதான்."

ஜெயந்தினி நெற்றியைத் தேய்த்தாள். குற்றவாளி என்று சொல்லப்படுகிறவள் முழுநாளும் இருந்தும் குற்றம் நடக்கவில்லை. ஒன்றும் பொருந்தவில்லை.

"அப்ப நேத்து யார் வரல?"

"கீழ்மலையில கொழுந்து பறிக்கிற கூட்டம். டயகமவுல கல்யாணம்."

கீழ்மலையில் அந்தக் கூட்டத்து அழகம்மா கொழுந்துச் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதான் டெப்பைக் கெடுக்கிறீங்களோ?" என்றாள் ஜெயந்தினி.

"அதைத் தொட்டதே இல்ல தாயி. மெஷின் மொதத் தடவை சொல்றத நம்பமாட்டோம், அம்புட்டுதான். ரெண்டாந்தரம் நிறுக்காம சாக்கு நகராது."

டெப்பில் எடை பதியும் கணக்கப்பிள்ளை அலுத்துக்கொண்டார். "இவங்களோட யாருங்க வாதாடுவா? மொத எடையை ரத்துன்னு அமத்திட்டு மறுபடி நிறுத்துருவேன்."

ஜெயந்தினி திரும்பி நடந்தாள். ரத்து என்ற சொல் உறைக்க, பாதி வழியில் நின்றுவிட்டாள்.

4.10. எல்லோரையும் கீழ்மலைக்கு வரச்சொன்னாள். கிருஷாந்தியை மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கையைக் கட்டிக்கங்க. எல்லாரும் பாருங்க."

கணக்கப்பிள்ளை ஒரு சாக்கைத் தராசில் வைத்தார். ரத்து. மறுபடி வைத்தார். ரத்து. இப்படிப் பத்துத் தடவை. பதினோராவது தடவை திரை உறைந்தது. மேல்மலையிலிருந்தும் போன் வந்தது, அங்கேயும் உறைந்துவிட்டதாம்.

"எடையெல்லாம் போய்ச் சேர்ற டேட்டாபேஸோட பேச பத்து லைன் இருக்குன்னு வச்சுக்கங்க" என்றாள் ஜெயந்தினி. " ஒரு எடை பதியும்போது ஒரு லைனை எடுக்குது. பதிஞ்சதும் போனை வச்சிரும், லைன் அடுத்தவருக்கு. ரத்துன்னா மட்டும் போனை வைக்காமலே போயிருது. பத்தும் போனா யாருக்கும் லைன் இல்ல. நிறுத்திப் போட்டா எல்லாம் விடுபடும், அதான் எழும்புது. சர்வரை நிறுத்தினது கிருஷாந்தி. கொன்னது வினோஜன்."

வினோஜன் முன்னால் வந்தான். "நூறு தடவை போட்டேனே."

"ஒரு தடவையாவது ரத்து பண்ணீங்களா?"

அவன் குனிந்து டெப்பில் ரத்துப் பொத்தானைப் பார்த்தான்.

"அப்ப இனிமே ரெண்டாந்தரம் நிறுக்கக்கூடாதா?" என்றாள் அழகம்மா.

"நிறுங்க. திருத்த வேண்டியது அவர்."

விஜேந்திரன் கிருஷாந்தியைப் பார்த்தார். "சரி கிருஷாந்தி, நாளைக்கு வாங்க."

அவள் அசையவில்லை. "பெரட்டுக்களத்துல, எல்லார் முன்னாலயும்தாங்க சேர் என்னைச் சொன்னீங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அதே பெண்கள்தான் கூடையோடு நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.