கிரீஸுக்கு அடியில் ஓர் எண்

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவன், கையிலிருந்த இன்ஜின் ஹெட் கேஸ்கெட்டைக் கவுன்ட்டர் மேல் பொத்தென்று வைத்தான்.

“இது எந்த வண்டிக்குங்க? என் வண்டிக்கா, இல்ல உங்க கனவுல வந்த வண்டிக்கா?”

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவள் நிமிர்ந்தாள். கோபமாகத்தான் நிமிர்ந்தாள்... ஆனால் அவன் கண்கள்! இமையோரம் மழைத்துளி தொங்க, கோபப்படவே தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்த கண்கள். ‘சண்டைக்கு வந்தவன் இவ்வளவு அழகா இருந்தா எப்படித் திருப்பித் திட்டறது?’ என்று ஒரு நொடி தடுமாறிப் போனாள்.

தடுமாறுவதற்கு இது நேரமில்லை. அந்தக் கார் உதிரிபாகக் கடை அவள் அண்ணனுடையது. கெஞ்சிக் கூத்தாடி கவுன்ட்டரில் நிற்க இடம் வாங்கியிருந்தாள். “ஒரே வண்டிக்கு ரெண்டு பார்ட் தப்பாக் குடுத்தே... இடத்தைக் காலி பண்ணிடணும்” என்பது அண்ணனின் நிபந்தனை. அவன் உள்ளே பெட்டிகளை அடுக்கினாலும், காதை வெளியேதான் வைத்திருந்தான்.

“நீங்க சொன்ன வருஷத்து மாடலுக்கு இதுதான்” என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தும் காட்டினாள். அளக்காமல் எதையும் நம்பமாட்டாள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்திருந்த பெயரே ‘வெர்னியர்’தான்.

“கேஸ்கெட்டுல தப்பு இல்லைங்க. எனக்கு உங்க இன்ஜின் மேலதான் சந்தேகம்.”

“எங்கப்பா வண்டிங்க அது! வண்டிக்கு ஐம்பது வயசாச்சு... பிறந்தப்போ இருந்த அதே இன்ஜின். நானும் மெக்கானிக்தான், எனக்குத் தெரியாதா?”

கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு, முறைத்துவிட்டுப் போய்விட்டான். போனவனை நினைத்து அவள் ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி வந்தான். இந்த முறை கையில், கேஸ்கெட்டோடு சேர்த்து வாங்கிய வாட்டர் பம்ப்.

“போல்ட் ஓட்டை நகக்கண் அளவு தள்ளி நிக்குதுங்க...” குரலில் பழைய சூடு இல்லை. அவள் முகத்தைப் பார்ப்பதும், பார்க்காததுபோல் கூரையைப் பார்ப்பதுமாக நின்றான்.

அண்ணன் வெளியே வந்துவிட்டான். “ரெண்டாச்சு! நாளையிலேருந்து நானே நின்னுக்கறேன்.”

“ஒரே ஒரு நாள் குடுண்ணே. நானே போய் அளந்து பாத்துட்டு வந்துடறேன்.”

பம்ப் கொண்டுவந்தவன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது அவன் பட்டறை. வெளிர்பச்சைக் கார் பளபளவென்று நிற்க, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவன் அப்பா. தினமும் வண்டியை வெளியே துடைப்பார். பானெட்டை மட்டும் இன்றுவரை தன் கையால் திறந்ததில்லை.

“பாரும்மா பாரு. எல்லாமே ஒரிஜினல்!”

மூடி கழற்றியிருந்த இன்ஜின் மேல் அவள் கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தாள். சிலிண்டரின் வாய் பெரிது, கேஸ்கெட்டின் துளை சிறிது. குனிந்து, இன்ஜின் பக்கவாட்டில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள். உள்ளே இன்ஜின் எண். முதல் எழுத்தே வேறு!

“ஐயா... இது ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மாடலோட இன்ஜின். யாரோ மாத்தியிருக்காங்க.”

பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எனக்குத் தெரியாம என் வண்டி இன்ஜினை எவன் மாத்துவான்? தப்புப் பார்ட்டை வித்துட்டு, பழியை என் வண்டி மேல போடறியா?”

அவள் அவனைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்களேன். எண் கண்ணு முன்னாடி இருக்கே...”

அவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். “அப்பா சொன்னா... சரியாத்தான் இருக்கும்.”

‘இவனை நினைச்சா மூணு நாளா சிரிச்சேன்? என்னைச் சொல்லணும்!’ பம்பைத் தூக்கிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் விறுவிறுவென்று நடந்தாள்.

மறுநாள் காலை, கவுன்ட்டரிலிருந்து தன் சாமான்களை அவள் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா படியேறி வந்தார். பின்னால் அவன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“நீதான் அந்தப் பொண்ணா? முப்பது வருஷ ரகசியத்தைத் துடைச்சு எடுத்துட்டியே!” என்று சிரித்தார் அவன் அம்மா. “இவங்கப்பா வெளியூர் போயிருந்தப்போ என் தம்பிகிட்ட திருட்டுத்தனமா வண்டி ஓட்டப் பழகினேன். தண்ணி ஊத்த மறந்துட்டேன்... இன்ஜின் போச்சு. அவர் திரும்பி வர்றதுக்குள்ள தம்பி வேற இன்ஜின் வச்சுட்டான். நேத்து நீ அழாத குறையா போனதைப் பாத்ததும் மனசு கேக்கல. சொல்லிட்டேன்.”

“ஐயா திட்டினாரா?”

“‘இன்ஜினை விடு, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, அப்போ முப்பது வருஷமா நான் மட்டும் ஏன்டி ஓட்டினேன்’னுதான் சண்டை!”

அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். மகன் மட்டும் சிரிக்கவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்றான்.

“உங்க தங்கச்சி தப்பே பண்ணலைங்க. முதல் நாள் இங்கேருந்து போனதுமே இன்ஜின் நம்பரைப் பாத்துட்டேன். அப்பா மனசு நொந்துடும்னு நான்தான் கிரீஸ் பூசி மறைச்சேன். பம்ப் சேராதுன்னு தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்.”

“தெரிஞ்சேவா?” அவள் கண்களில் பொறி பறந்தது. “என் இடமே போயிருக்குமே! எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“இடம் போகும்னு சத்தியமா தெரியாது. உங்களைப் பாக்க வேற சாக்கு கிடைக்கல...” காது மடல் சிவக்க நிமிர்ந்தான். “எங்கம்மா முப்பது வருஷம் மறைச்சாங்க. என்னால மூணு நாள் தாண்ட முடியல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க.”

அண்ணன் அவள் பையிலிருந்த சாமான்களை எடுத்துக் கவுன்ட்டர் மேல் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான்.

அவள் சரியான மாடலின் கேஸ்கெட்டையும் பம்பையும் எடுத்து வந்து, இரண்டு முறை அளந்து, அவன் கையில் கொடுத்தாள். விரல் பட்டது. அவள் கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்கு வாங்க” என்றாள் மெதுவாக. “கையில எதுவும் கொண்டாராம, சும்மா வாங்க... எனக்கும் உங்களைப் பாக்கணும்.”