கல்லுக்கும் சில்லுக்கும் நடுவே

“வேன் உருண்டிருச்சு. அவ்வளவுதான்.”

“பிரேக் புடிக்கலையா?”

“ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து கெடந்துச்சு. நான் கீழ எறங்கி நின்னேன். புள்ள உள்ள தூங்கிக்கிட்டு இருந்திச்சு. அவதான் ஓடிப் போயி பின்னால முட்டுக் குடுத்தா.”

“தனியாவா?”

“நான் வந்து சேர்ற வரைக்கும் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தா. வேன் நின்னிருச்சு. புள்ள முழிக்கக்கூட இல்ல. அவதான்…”

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அந்த வேனைத்தான் இப்பவும் ஓட்டுறீங்களா?”

“பயப்படாத. இப்ப உருளாது.”

பெண் பார்க்க வந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்று இந்திரகுமார் பேசியது இவ்வளவுதான். செத்துப்போன மனைவியை நினைத்து, புதிதாகப் பார்க்க வந்த பெண்ணின் முன்னால் கண் கலங்குகிறவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று நிரோஷாவுக்கு அன்று தோன்றியது. உருளாது என்று அவன் சொன்னதை, கேபிளை மாற்றிவிட்டான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

கல்யாணமாகி றக்வானைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்தில், கோயில் ஏற்றத்தில் அவன் வேனை நிறுத்தினான். யாரோ ஒருவருக்கு டவுணிலிருந்து வாங்கி வந்த மாவு மூட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மலைப்பாதையில் எந்த வாகனம் ஏற்றத்தில் நின்றாலும், ஒருவர் குதித்திறங்கி, சக்கரம் உருளாமல் பின் சில்லுக்கு ஒரு கல் வைப்பது வழக்கம். போகும்போது கல்லை ஓரமாக எடுத்துப் போட மறந்துவிடுவார்கள். வளைவுக்கு வளைவு அப்படிப்பட்ட கற்கள் அனாதையாகக் கிடக்கும். நிரோஷாவின் அண்ணன் ட்ராக்டர் ஓட்டுகிறவன். அவன் பின்னாலேயே திரிந்து வளர்ந்தவள் அவள். யாரும் சொல்லாமலே இறங்கி, நல்ல கனமான கல்லாகப் பார்த்து உருட்டி வந்து சில்லுக்குப் பின்னால் வைத்தாள்.

“நீ டிரைவர் பொண்டாட்டியா, கிளீனரா?” என்று சிரித்தான் இந்திரகுமார். “சேலையெல்லாம் சேறு. ஏறு, ஏறு.”

மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டவன், வேனின் பின்பக்கத் தகரத்தை இரண்டு முறை மெல்லத் தட்டினான். “பாத்துக்க,” என்றுவிட்டுப் போனான். புதுப்பெண்ணிடம் வேனையும் உள்ளே இருந்த குழந்தையையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவன் திரும்பி வந்ததும் கல்லை எடுக்கக் குனிந்தாள். ஏற்றத்தில் நின்ற வண்டியின் பாரம் முழுவதும் கல்லின் மீது சாய்ந்திருக்கும். வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்தால்தான் கல் வெளியே வரும். அண்ணனோடு திரிந்த காலத்தில் அவள் எத்தனையோ தரம் பார்த்தது அது. ஆனால் இந்தக் கல் சும்மா கிடந்தது. கல்லுக்கும் சில்லுக்கும் நடுவே அவள் கை முழுதாகப் போய் வந்தது. வேன் அந்தக் கல்லைத் தொடவே இல்லை.

புதுப்பெண் முதல் வாரத்திலேயே எதைக் கேட்பது? அதன் பிறகு ஏற்றங்களில் வேன் நிற்கும்போதெல்லாம் அவள் கவனிக்கத் தொடங்கினாள். இருக்கைக்குப் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் கம்பி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடுவதே இல்லை. கியரில் போட்டு நிறுத்துவதும் இல்லை. கியர் தேய்ந்துபோய், ஏற்றத்தில் தானாகவே தெறித்துவிடும். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு இறங்குவான். வேன் மூச்சுப் பிடித்துக்கொண்டதுபோல் ஒரு கணம் அசைந்து, பிறகு அப்படியே நிற்கும். புறப்பட்ட பின் கண்ணாடியில் பார்த்தால், வேன் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் ஈரமண்ணில் இரண்டு கோடுகள் தெரியும். சில்லுத் தடங்களுக்கு நடுவே, குட்டையாக, ஆழமாக. மண்ணில் குதிகாலை ஊன்றி நின்ற இடம் மாதிரி.

மழை விடாத ஐப்பசியில் குழந்தை சர்மிளாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயதுப் பிள்ளை. நிரோஷாவைச் சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் கழுத்தை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டவுண் டொக்டரிடம் காட்டிவிட்டு, மருந்து வாங்க இந்திரகுமார் பார்மசிக்குப் போனான். பக்கத்து கராஜுக்காரர் பளீல் அவளைப் பார்த்துவிட்டு வேனுக்குக் கிட்டே வந்தார்.

“தங்கச்சி, நீங்க சரி அவருக்குப் புத்தி செல்லுங்க. புதுக் கேபிள் எடுத்து வெச்சி ஈக்கிறேன். சல்லிக் காசும் வேணாண்டு சென்னேன். கை வெக்க உடுறாரில்ல.”

“கேபிள் இன்னும் மாத்தலையா, நானா?”

“அவர்ட மொதப் பொஞ்சாதி மௌத்தான நாளிலேந்து அப்படியேதான்.”

நிரோஷாவின் மடியில் குழந்தையின் தலை அனலாகக் கொதித்தது.

“அப்ப இத்தன நாளா இது எப்படி ஏத்தத்துல நிக்குது?”

பளீல் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பின் சில்லுகளைப் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

“அதத்தான் தங்கச்சி நான் கேக்கல்ல,” என்றார்.

திரும்பும்போது பொழுது இறங்கியிருந்தது. மருந்து குடித்த மயக்கத்தில் குழந்தை கடைசி இருக்கையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. முன் இருக்கையில் நிரோஷா திரும்பித் திரும்பி அதைப் பார்த்தபடி வந்தாள். தேயிலைச் சரிவுகளிலிருந்து பனிப்புகார் இறங்கிப் பாதையை மூடியது. மழை துளித்துளியாக விழாமல் காற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் எல்லைக் கல் தாண்டி, பாதை செங்குத்தாக ஏறும் இடத்தில், என்ஜின் இரண்டு தரம் இருமியது. டீசல் நாற்றம் உள்ளே பரவியது. மூன்றாவது இருமலோடு எல்லாம் அடங்கியது.

இந்திரகுமார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தான். வேன் லேசாக அசைந்தது. நின்றது.

“டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருச்சு,” என்றான் சாதாரணமாக. “ஃபெக்டரியில ட்ராக்டர் நிக்கும். கூட்டிக்கிட்டு வந்திர்றேன்.”

“பாப்பாவ எறக்கிக் குடுத்துட்டுப் போங்க.”

“காய்ச்சக்காரப் புள்ளய மழையில நனைக்கச் சொல்றியா? உருளாதுன்னு சொன்னேன்ல.”

“கேபிளை ஏங்க மாத்தல?”

அவன் கதவைத் திறந்தபடியே இருந்தான். நனைந்த காற்று உள்ளே வந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. பிடிபட்டவனின் கூச்சம்தான் இருந்தது.

“மாத்திட்டா அவளுக்கு இங்க என்ன வேல இருக்கு?” என்றான் மெதுவாக. “போயிருவா, நிரோஷா.”

பயத்தைவிட அந்தக் குரலிலிருந்த பிரியம்தான் முதலில் அவளைச் சுட்டது. அவளிடம் அவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

“அக்கா பாவம் இல்லையா?” என்றாள்.

“நான் ஒனக்கு ஏதும் கொற வெச்சேனா?”

“இல்ல.”

“அப்ப விடு.”

அவன் இறங்கினான். பின்பக்கமாகச் சுற்றிப் போனான். தகரத்தில் இரண்டு தட்டல் கேட்டது. “பாத்துக்க.” பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முதல் வாரத்திலிருந்து அவள் தனக்கென்று நினைத்து வைத்திருந்த அந்தச் சொல்லை அவன் குனிந்து, பின் சில்லுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் இருந்த யாருக்கோ சொன்னான். பிறகு புகாருக்குள் ஏறி மறைந்தான். அவன் செருப்புச் சத்தம் கொஞ்சத் தூரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

என்ஜின் ஆறும்போது இரும்பு டிக்டிக்கென்று சொடுக்கும் சத்தமும், கூரைத் தகரத்தில் ஈரம் சொட்டும் சத்தமும், கீழே எங்கோ பள்ளத்தில் ஓடை கற்களோடு உரசும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் காதுக்குப் பழகிப் போய், இவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில்தான், அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் முதலிலிருந்தே இருந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மூச்சு. கொழுந்துக் கூடை நிறைந்த பின் மேட்டில் ஏறும் பெண்கள் விடுகிற மூச்சு. பல்லைக் கடித்து, அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மூச்சு. கூடவே கசங்கிய தேயிலை வாசனையும், வியர்வையும், எண்ணெய் வற்றிய தலைமுடியின் வாசனையும் ஜன்னல் இடுக்கு வழியாக வந்தன.

குழந்தை தூக்கத்தில் முனகியது.

நிரோஷா கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள். பாதையோரத்தில் கல் தேடினாள். நகம் பெயரப் பெயர மண்ணிலிருந்து ஒன்றைக் கிளப்பி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். சில்லுக்குப் பின்னால் வைத்தாள். கல்லுக்கும் சில்லுக்கும் நடுவே வழக்கம்போலக் கையகல இடைவெளி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடைவெளி குறைந்தது.

விரல் அகலம். பிறகு ஒன்றும் இல்லை. சில்லு கல்லைத் தொட்டது. கல் ஈரமண்ணில் ஒரு சாண் வழுக்கியது.

மூச்சு வேகமாகியது.

வேனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடியில் வளைவு. வளைவில் தடுப்புக் கட்டு இல்லை. அதற்கு அப்பால் புகார் மட்டும். புகாருக்குக் கீழே ஓடைச் சத்தம்.

நிரோஷா முன்கதவுக்கு ஓடினாள். படியில் கால் வைத்தாள். வேன் கீழே சறுக்கியது. காலை எடுத்தாள். நின்றது. மறுபடியும் வைத்தாள், இன்னும் மெதுவாக, பெருவிரலை மட்டும். சறுக்கியது. பின்னாலிருந்து வலியில் பிறந்த ஒரு சின்ன ஓசை வந்தது. அவள் காலை எடுத்துக்கொண்டாள். தன் ஒருத்தியின் பாரம்கூட இப்போது அதிகம்.

“பாப்பா!” என்று கத்தினாள். “பாப்பா, எந்திரி! மெதுவா முன்னால வா, தங்கம்!”

போர்வை அசையவில்லை. மருந்து மயக்கம்.

“என்னங்க!” மேலே பார்த்துக் கூப்பிட்டாள். “என்னங்க!” புகார் அந்தக் குரலை வாங்கிக்கொண்டு எதையும் திருப்பித் தரவில்லை. ட்ராக்டர் சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை.

கல் மறுபடியும் வழுக்கியது.

பின்னால் ஓடினாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கே போயிருக்கமாட்டாள். பூட்டியிருந்த பின்கதவுக்குக் கீழே தகரத்தில் ஓர் இடம் மட்டும் வர்ணம் தேய்ந்து பளபளத்தது. இரண்டு உள்ளங்கை அகலம். பக்கத்தில் ஒரு தோள் அகலம். நிரோஷா தன் கைகளை அந்தத் தேய்மானத்துக்குப் பக்கத்தில் ஊன்றினாள். தோளைக் கொடுத்தாள். குதிகாலை மண்ணில் புதைத்தாள்.

மழையில் நனைந்த தகரம் அங்கே மட்டும் சூடாக இருந்தது.

பாரம் வந்து அவள் மீது சாய்ந்தது. எலும்பு நெரிந்தது. ஆனால் முழுப்பாரம் இல்லை. கால்வாசிகூட இல்லை. மீதியை யாரோ பக்கத்தில் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு பெரிய சோற்றுச் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவதுபோல் அவளுக்கு இருந்தது. அழுகை வந்தது.

“அக்கா,” என்றாள். “விட்றாதீங்க. புள்ள உள்ள இருக்கு.”

மூச்சு நின்றது. யாரோ தன்னை உற்றுப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. தலை குனிந்து கீழே மட்டும் பார்த்தாள். அவள் கால்களுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் இரண்டு கோடுகள். கால் எதுவும் இல்லை. கோடுகள் மட்டும் நீண்டுகொண்டே வந்தன. மண் அவற்றின் முனையில் குவிந்து குவிந்து எழும்பியது.

பிறகு, காதோரத்தில், இத்தனை வருடமாக யாரிடமும் பேசாத கரகரப்போடு, ஆனால் அயல் வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்க வந்தவளின் கூச்சத்தோடு, அந்தக் குரல் வந்தது.

“தங்கச்சி… கையெல்லாம் விட்டுப் போச்சும்மா. இனிமே நீ புடிச்சிக்கிறியா?”