குறையாத குதிர்

சினேகாவின் அப்பா கஜபதிக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. ரசத்தில் உப்பு கம்மி என்றால் ஒரு பிடி அள்ளிப் போடுவார். ஒரு முழம் பூ வாங்கி வரச் சொன்னால் கூடையோடு வாங்கி வருவார். அவர்கள் ஊரான கே.ஜி.கண்டிகையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

அந்த மனிதர் குதிரில் கொட்டிய புது நெல்லுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போனால் என்ன ஆகும்?

குதிர் என்றால் தகரக் குதிர். இரண்டு ஆள் உயரத்தில், உருண்டையாக, நான்கு இரும்புக் கால்கள் மேல் தோட்டத்தில் நிற்கும். ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து நெல்லைக் கொட்ட வேண்டும். அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் தூக்கினால் நெல் மளமளவென்று சாக்கில் இறங்கும்.

புது நெல்லுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அந்த வீட்டு வழக்கம். விரலால் நாலு சொட்டு தெளித்தால் போதும். கஜபதியோ ஒரு குடத்தையே கவிழ்த்து ஊற்றி, மூடியை மூடிவிட்டு இறங்கினார்.

ஆடி மாதம் வந்தது. கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு அவர்கள் வீட்டு வாசலில் வருடா வருடம் சாப்பாடு போடுவார்கள். அதற்கென்று சில மூட்டை, அத்தை வீட்டுக்குச் சில மூட்டை என்று பதினைந்து மூட்டை நெல் கீழ்க் கதவு வழியாக இறங்கிவிட்டது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கிருத்திகைக்கு முதல் நாள் கஜபதி மேலே ஏறினார். ஏறிய வேகத்திலேயே இறங்கி ஓடி வந்தார்.

"தமயந்தி, நெல்லு குறையவே இல்ல" என்றார் மனைவியிடம்.

அம்மா ஏறிப் பார்த்தாள். சினேகாவும் ஏறிப் பார்த்தாள். அன்றைக்குக் கொட்டிய அதே உயரத்தில் நெல் அப்படியே இருந்தது. போதாததற்கு மேலெல்லாம் வெளிர் மஞ்சளாக முளைவிட்டு, பாய் விரித்த மாதிரி பரவியிருந்தது. பதினைந்து மூட்டை போயும் ஒரு பிடி குறையவில்லையே!

பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வந்து பார்த்தார். அவ்வளவுதான், தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் கனகம்மாசத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சிலர் குதிருக்கு மூன்று பிரதட்சிணம் செய்தார்கள். யாரோ அதற்கு ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் முருகன் செயல் என்று ஊரார் சொல்லச் சொல்ல, பூரிப்பில் கஜபதிக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. விடிந்ததும் தானே குதிருக்குள் இறங்கி, நெல்லின் நட்ட நடுவில் தேங்காய் வைத்துக் கற்பூரம் ஏற்றப் போவதாக ஊரையே அழைத்துவிட்டார்.

மறுநாள் காலை. சமையலுக்கு முன்னால் டப்பாக்களை நிரப்புவது சினேகாவின் வேலை. தண்ணீர் பாட்டிலின் தலைப்பக்கத்தை வெட்டி ஒரு புனல் செய்து வைத்திருந்தாள். கடுகைக் கொட்டினாள். உருண்டை உருண்டையான வழுவழுப்புக் கடுகு, தண்ணீர் மாதிரி ஓடி இறங்கியது. அடுத்து உப்பு. ஆடித் தூறலில் ஈரம் கோத்த உப்பு அது. கொஞ்சம் இறங்கிவிட்டு நின்றுவிட்டது.

மேலிருந்து பார்த்தால் புனல் நிறைய உப்பு. தூக்கி அடியில் பார்த்தால் வெறும் பொந்து. உப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூரை மாதிரி நின்றது. விரலால் லேசாகத் தொட்டாள். மொத்தமும் பொத்தென்று விழுந்தது.

சினேகா புனலைக் கீழே வைத்தாள். ஈரம். அப்பா ஊற்றிய ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். மேலே மட்டும் நனைந்து, முளைத்து, வேரோடு வேர் பின்னிக்கொண்ட நெல். அடியில் காய்ந்த நெல் மட்டும் ஓடிப் போயிருந்தால்?

கரண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். குதிரின் அடிப்பக்கத்தில் தட்டினாள். தொப் தொப்பென்று கேட்டது, நெல் இருக்கிறது. இன்னும் மேலே எட்டித் தட்டினாள். வெறும் தகர டப்பா மாதிரி டணார் டணாரென்று அதிர்ந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பூஜை மணிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கஜபதி ஏணி உச்சிக்குப் போய், ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை, இறங்க வேண்டாம் என்று சினேகா கீழிருந்து கத்தினாள். சாமி விஷயத்தில் குறுக்கே பேசாதே என்று ரத்தினம்மாள் அவளை அதட்டினார்.

இனி சொல்லிப் பயனில்லை. சினேகா விறுவிறுவென்று ஏணியில் ஏறி அப்பாவின் வேட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"நைனா, நீ அப்பறம் இறங்கு. மொதல்ல தேங்கா இறங்கட்டும். சாமிக்குத்தானே அது?"

கஜபதி யோசித்தார். சாமிக்கு உள்ளது முதலில் போவதுதானே முறை? கையில் இருந்த பெரிய தேங்காயை உயரத் தூக்கி, முளைகளின் நடுவில் போட்டார்.

தேங்காய் அங்கே நிற்கவில்லை. ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போனது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த மஞ்சள் பாய் நடுவில் விரிந்து, குழிந்து, மொத்தமாகச் சரிந்தது. குதிரே கிடுகிடுவென்று ஆடியது. தூசி குபீரென்று மேலே வந்தது.

தூசி அடங்கியபோது கஜபதியின் கால் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அவரை முழுசாக விழுங்கும் அளவுக்குப் பள்ளம். ஓரத்து நெல் இன்னும் சரசரவென்று சரிந்து, தேங்காய் விழுந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது. அதன் குடுமிகூடத் தெரியவில்லை.

மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கஜபதி ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எறங்கியிருந்தா..." என்றவர் அழுதுவிட்டார். சினேகாவும் அப்போதுதான் அழுதாள். ரத்தினம்மாள் சத்தமில்லாமல் போய் அந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

ஆனால் காவடிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எடுத்து வைத்த நெல் அவர்களுக்குப் போதாது; இன்னும் கொஞ்சம் மில்லுக்கு அனுப்பியாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கஜபதி கீழ்க் கதவைத் தூக்கினார். அரைச் சாக்கு இறங்கியதும் நெல் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், கதவுக்கு நேராக அந்தத் தேங்காய் கல் மாதிரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் ஏணியைப் பார்த்தார்கள். கஜபதி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"சினேகா, இங்க வாம்மா. இப்ப இன்னா பண்ணலாம், நீ சொல்லு."

சினேகா ஒரு கணம் யோசித்தாள். "வெளியிலேர்ந்தே குத்தித் தள்ளிடலாம் நைனா. நீட்டமா ஒரு கழி கொண்டா, போதும்."

கஜபதி ஓட்டமாய் ஓடி, ஆறு கழி கொண்டுவந்தார்.