தோளில் அமுங்கிய சேலை

கை மட்டுமாவது மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

‘கத்திரி’க்கு (தெரு வைத்த பெயர்தான், பெற்றவர்கள் வைத்ததை மனைவியே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தாள்) வெட்டுக் கோடு எங்கே விழுந்தது என்பது அத்துப்படி. அகலமான எச்.டி. படத்தில் சோபாவில் மூன்று பேர்: இடது ஓரத்தில் அவன், நடுவில் மனைவி, வலது ஓரத்தில் மனைவியின் அக்கா. சதுர டிவிக்கு ஏற்றாற்போல் வலது பக்கத்தை வெட்டியதில் அக்கா போய்விட்டாள். ஆனால் தங்கையின் தோளில் அவள் போட்டிருந்த கை, பச்சைக்கல் மோதிரத்தோடு, மணிக்கட்டு வரை கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கிடந்தது. வெட்டும்போது அதைப் பார்த்துச் சிரித்தவன் அவன்தான். இப்போது டிவிடியைப் போட்டால் கையைக் காணோம். மனைவியின் தோளில் சேலை மட்டும் ஐந்து விரல் பதிந்த மாதிரி அமுங்கியிருந்தது.

வெளியே மூன்று மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மூச்சு வாங்குகிற நாய் மாதிரி இரைந்தது. சூடான பிளாஸ்டிக் நாற்றம் அறை முழுக்க நின்றது. பின்னறையில் மாமியார் இருமிவிட்டு, இருமியது யார் காதிலாவது விழுந்ததா என்று காத்திருந்து மறுபடி இருமினார்.

டிவியில் வந்த நிகழ்ச்சிகளைத் தெருக்காரர்கள் பதிவுப் பெட்டியில் பதிந்து கொண்டுவருவார்கள். அவன் டிவிடியாக மாற்றிக் கொடுப்பான். அதோடு நிறுத்தியிருந்தால் ‘கத்திரி’ என்று யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அகலப் படத்தைச் சதுரமாக்கும்போது இரண்டு ஓரத்தில் எதை விடுவது, எதை வைப்பது என்பது அவன் கையில். யாருக்கு யார் ஆகாது என்று கேட்டுக்கொண்டு வெட்டுவதில் அவனுக்குத் தனி ருசி. போன வருஷம் ஒரு வாத்தியார் வந்தார். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள், பாட்டுப் போட்டியில் ஓரமாக நின்று பாடியிருந்தாள். “அவ மட்டும் வேணாம்” என்றார். டிவிடியை வாங்கிப்போன மறுவாரம், பொண்ணு எப்படி இருக்கா என்று இவன் சும்மா கிண்டிப் பார்த்ததற்கு, “எனக்கு ஏதுப்பா பொண்ணு? ரெண்டும் பசங்கதானே” என்று வெள்ளந்தியாகச் சொன்னார். என்ன வீம்பு என்று இவன் நாலு வீட்டில் சொல்லிச் சிரித்தான்.

இன்றைக்கு வெட்டியது சொந்த வீட்டுக் கணக்கு. அக்காவும் மாமியாரும் பேசி நாலு வருஷம். தங்கை கெஞ்சியதால் குடும்பப் போட்டி நிகழ்ச்சிக்கு மட்டும் அக்கா வந்துபோனாள். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

“என்னங்க, அக்கா முகம் நல்லா தெரியணும். அம்மா வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க, ஆனா அதுக்குத்தான் உயிரை வெச்சிட்டிருக்காங்க.”

“முழுப் படத்தையும் வெச்சா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும். டிவி கெட்டுப்போச்சுன்னு உங்கம்மா ஊரைக் கூட்டுவாங்க.”

“வந்தா வரட்டும். அக்காவை மட்டும் வெட்டிராதீங்க.”

வெட்டினான். ஏனென்றால் அந்த நிகழ்ச்சியில் தங்கை புருஷனுக்கு என்ன உத்தியோகம் என்று நடத்துபவர் கேட்டபோது அக்கா, “நாள் பூரா டிவி பார்க்கறதுதாங்க!” என்றாள். அரங்கமே சிரித்தது. அதைப் போய் மாமியார் பின்னறையில் தினம் மூன்று வேளை போட்டுப் பார்க்க வேண்டுமா?

டிவிடியை அந்த இடத்துக்கு ஓட்டினான். படத்தைத்தான் வெட்டினான், குரலைத் தொடவே இல்லை. ஆனாலும் நடத்துபவரின் கேள்வி மட்டும்தான் காதில் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. வெறும் அமைதி. அந்த அமைதியைக் கேட்டு அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டான். அதேதான்.

மூலத்தைப் பார்க்கலாம் என்றால் மூலம் இல்லை. வீட்டுப் பதிவுப் பெட்டியை மதியமே கேபிள் கம்பெனி ஆள் திரும்ப எடுத்துப் போய்விட்டான். கம்ப்யூட்டரில் இறக்கியதை, டிவிடி வெளியே வருவதற்குள் அழித்துவிடுவது இவன் பழக்கம், எச்.டி. இடத்தை அடைக்கும். இருப்பது இந்த டிவிடி ஒன்றுதான்.

ஐந்தரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“முடிஞ்சுதா? அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா?”

“உங்கக்கா...” என்று ஆரம்பித்தான். பொய் தயாராகத்தான் இருந்தது. “ஓரத்துல இருந்ததால கொஞ்சம்...”

“எங்கக்காவா?”

“உங்கக்காதான்.”

“என்னங்க, வெயில்ல வெளிய போனீங்களா?” சிரித்தாள். “நான் ஒத்தப் பொண்ணு. கட்டினது யாரைன்னே மறந்து போச்சா?”

விளையாட்டு இல்லை. அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. வாத்தியாரின் முகத்தில் இருந்ததே, அதே வெள்ளந்தி. அவன் சுவரைப் பார்த்தான். மாமியார் இரண்டு பெண்களோடும் எடுத்துக்கொண்ட போட்டோ. இந்தப் பக்கம் மனைவி. அந்தப் பக்கம் மாமியாரின் கை, ஓர் ஆள் அகலத்துக்கு, ஒன்றுமில்லாததை அணைத்துக்கொண்டிருந்தது.

“முகம் கழுவிட்டு வரேன்” என்று அவள் உள்ளே போனாள்.

பயம் வந்தவனுக்குத் தொழில் மறந்துபோகும். வெட்டிய டிவிடியில் வெட்டுப்பட்டது இருக்காது என்று எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அதையே உள்ளே தள்ளித் திறந்தான். எதை வைப்பது என்று காட்டும் வெட்டுச் சட்டத்தை வலது பக்கம் நகர்த்தினான். அக்கா இருந்த பக்கம். விளிம்புக்கு அப்பால் கறுப்பு. இன்னும் நகர்த்தினான். கறுப்புக்குள் பச்சையாக ஒரு புள்ளி. மோதிரமா? இன்னும் கொஞ்சம். புள்ளி விலகியது. இன்னும் கொஞ்சம். கண் வலது ஓரத்திலேயே ஒட்டியிருந்தது.

புது டிவிடி போட்டான். பொத்தானை அழுத்தினான்.

திரையில் முன்னேற்றக் கம்பி ஊர்ந்தது. பத்து சதவீதம். நாற்பது. எழுபதில்தான் இடது பக்கம் பார்த்தான்.

சட்டம் வலதுக்குப் போனால் இடது விழும்.

இடது ஓரத்தில் அவன் தோள் மட்டும் இருந்தது. பிறகு முழங்கை மட்டும். ரத்துப் பொத்தானை அழுத்தினான். அழுத்தினான். விரல் பட்ட சத்தமே இல்லை.

நூறு.

தட்டு தானாக வெளியே வந்தது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து டிவிடியை எடுத்துக்கொண்டாள். நாற்காலியை, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை, மேஜைக்கடியில் தள்ளினாள். அது தடையில்லாமல் உள்ளே போனது.

“ஏய்” என்றான். “இங்க பாரு.”

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

பின்னறையில் பழைய டிவி. மேலும் கீழும் பட்டை இல்லை. படம் நிறைவாக இருந்தது. சோபாவின் நடுவில் மனைவி, தனியாக, யாரிடமோ சிரித்துக்கொண்டு.

“குடும்பப் போட்டின்னாங்க,” என்றார் மாமியார். “நீ மட்டுமா போனே?”

“எனக்கு வேற யாரும்மா இருக்கா?”

மாமியார் திரையையே பார்த்தார். எதையோ தேடுகிற கண். எதை என்று தெரியாத கண். “என்னமோ,” என்றார், “அழுகையா வருது.”

அவன் மனைவியின் பின்னால் போய் நின்றான். கத்தினான். ஒரு தோளில் கையை வைத்தான். சேலை அமுங்கியது. ஐந்து விரல். விரல்களைக் காணோம்.

அவள் ஈயை ஓட்டுவதுபோல் தோளைக் குலுக்கினாள்.

அப்போதுதான் அவளுடைய மறு தோளைப் பார்த்தான். அங்கே முன்பே ஐந்து பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் மோதிரத்தின் அகலம்.

அவை மெதுவாக, சேலையை அமுக்கிக்கொண்டே, அவன் கை இருந்த பக்கம் நகர ஆரம்பித்தன.