யார் வைத்த அடி

இசக்கியம்மாள் பயிற்சிக்கூடத்து வாசலிலிருந்து நடந்து வந்தாள். கையில் அப்பியிருந்த சுண்ணப்பொடியைத் தட்ட மறந்து ஜெனிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். கனத்த உடம்பு. சேலைக்கு மேல் காற்றாலை ஊழியர்களின் நீலச்சட்டை. ஆனால் அந்த நடை! ஒவ்வொரு அடியிலும் பெருவிரல் நீண்டு முதலில் தரையைத் தொட்டது. பிறகுதான் குதிகால் இறங்கியது. முழங்கால் முழுக்க நீண்டு பூட்டிக்கொண்டது. இடது காலை எடுக்குமுன் இடுப்பு ஒரு நூல் அளவு தயங்கியது. அந்தத் தயக்கம் பதினாறு வயதில் கணுக்கால் முறிந்ததிலிருந்து ஜெனிட்டாவிடம் உள்ளது. உலகத்தில் வேறு யாருக்கும் அது இருக்க நியாயமில்லை.

"நீங்க ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணியிருக்கீயளாக்கா?"

இசக்கியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நானா? பணகுடியில காத்தாடிக் கம்பத்துல ஏறி கிரீஸ் வைக்கிறவ நான். எண்பது மீட்டர் உசரம். போன வருசம் கால் வழுக்கிட்டு. இடுப்புல கட்டுன கயிறு தாங்கிட்டு, ஆனா முதுகு போயி கம்பத்துல அடிச்சிட்டு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னுட்டாவ. நரம்பிழை வச்சு பத்தொம்பதாம் நாளு எந்திரிச்சு நடந்தேன். எனக்கு நடக்கச் சொல்லிக்குடுத்தது நீதானாம். டாக்டரம்மா சொன்னாவ. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

ஜெனிட்டா இப்போதுதான் கையிலிருந்த பொடியைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு கேக்காரு, 'என்னட்டி, மகாராணி கணக்கா நடக்க'ன்னு."

பத்தொன்பது நாள். அதே நடைக்கு ஜெனிட்டா பதினான்கு மாதம் கொடுத்திருந்தாள்.

தூத்துக்குடிக்காரியான ஜெனிட்டா பத்தொன்பது வயதில் ஆசியத் தங்கம் வாங்கினாள். இருபதில் தோள்மூட்டு விலகியது. ஏழு மாதத்தில் திரும்பி வந்தாள். இருபத்திரண்டில், தாவுமேசையில் ஊன்றிய கை வழுக்கி, காற்றிலேயே திசை தவறி, முதுகு அடிபட விழுந்தாள். முருங்கைக்காய் ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அது தன்னுடைய சத்தம் என்று புரிய அவளுக்குச் சில விநாடிகள் ஆயின. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதுரை ஆய்வுக்கூடத்து டாக்டர் வஹிதா அப்போதுதான் நரம்பிழையை உருவாக்கி முடித்திருந்தார். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன். முதுகுத்தண்டின் அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அதைப் பாலமாகப் போட்டால், மூளையின் கட்டளை மறுபக்கம் போய்ச் சேரும். ஆனால் எந்தக் கட்டளை எந்தத் தசைக்கு என்பது இழைக்குத் தெரியாது. உடம்புதான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். கற்றதையெல்லாம் இழையின் அடியிலிருந்த எள்ளளவு கற்றல்மணி சேமித்துக்கொள்ளும்.

முதன்முதலில் அதைப் பொருத்திக்கொண்டவள் ஜெனிட்டா. நாற்பத்தொரு நாள் இடது பெருவிரலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாற்பத்தோராம் நாள் அது அசைந்தது. கொசு கடித்ததற்கு அசைவது போல, அவ்வளவுதான். அன்றைக்கு வஹிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த விரலை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு. அவளுக்குத் தெரிந்த நிற்பு ஒன்றுதான், விளையாட்டு வீராங்கனையின் நிற்பு. அதைத்தான் இழைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சம்மதத்தோடு அந்தக் கற்றல்மணியின் பிரதியை வஹிதா அடுத்த நோயாளிக்கு வைத்தார். அந்த நோயாளிதான் இசக்கியம்மாள்.

இரண்டு ஆண்டில் நாலாயிரம் பேர் ஆனார்கள். மரத்திலிருந்து விழுந்தவர்கள், லாரி மோதியவர்கள், கட்டடச் சாரம் சரிந்தவர்கள். வஹிதா எல்லா மணிகளையும் ஒன்றோடொன்று இணைத்தார். ஒவ்வொரு விடியலிலும் ஒருவர் கற்றது மற்ற எல்லோருக்கும் போய்ச் சேரும். அதற்கு இணைகற்றல் என்று பெயர் வைத்தார். திண்டுக்கல்லில் ஒருவர் மழைச்சேற்றில் வழுக்காமல் நடக்கக் கற்றால், மறுநாள் சென்னையில் இன்னொருவரின் காலுக்கும் அது தெரிந்திருந்தது.

ஜெனிட்டா இருபத்தைந்து வயதில் நைரோபி உலகப் போட்டிக்குத் தேர்வானாள். முதுகுத்தண்டு அறுந்த ஒருத்தி சமநிலைச் சட்டத்தில் ஏறுவது விளையாட்டின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. இழையின் வேகம் இயற்கை நரம்பைத் தாண்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு உலக ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் அனுமதித்தது.

சட்டத்தின் அகலம் பத்து சென்டிமீட்டர். ஒரு விரிந்த கைகூட இல்லை. தகுதிச் சுற்றில் பின்கரணம் போட்டு இறங்கியபோது அவள் கால் தவறிக் கீழே விழுந்தாள். எழுந்து மீண்டும் ஏறி முடித்தாள். ஏழாவதாக இறுதிச் சுற்றுக்குத் தப்பிப் பிழைத்தாள்.

மறுநாள் காலை வஹிதா அழைத்தார்.

"ஜெனி, இன்னிக்கு விடிஞ்சதிலேர்ந்து இருநூத்திப் பன்னண்டு பேரு போன் பண்ணிட்டாங்க. மாடிப்படி முன்னாடி கால் நகரமாட்டேங்குதாம். கரூர்ல ஒருத்தர் படியிலயே நின்னு அழுதிருக்கார்."

"நான் விழுந்ததாலயா டாக்டர்?"

"உன் பயமும் அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்மா. நான் இதை யோசிச்சிருக்கணும். என் தப்பு. வேணும்னா உன் இணைப்பை அறுத்துடலாம். நீ விழுந்தாலும் அவங்களைத் தொடாது. ஆனா அவங்ககிட்டேர்ந்து உனக்கும் இனிமே எதுவும் வராது."

"அறுத்துருங்க" என்று சொல்ல ஜெனிட்டா வாயெடுத்தாள். பிறகு, "ஒருத்தங்ககிட்ட மட்டும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

திரையில் இசக்கியம்மாளின் முகத்துக்குப் பின்னால் வானம் மட்டுமே தெரிந்தது. காற்று இரைந்தது.

"எங்கக்கா இருக்கீய?"

"கம்பத்து உச்சியில, பழைய வேலைதான். காலையில ஏணியில மொதப் படியிலயே கால் நின்னுட்டு. பிள்ள நேத்து விழுந்திருப்பாபோலன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"மன்னிச்சிருங்கக்கா. அறுத்துவிடச் சொல்லப் போறேன். உங்களுக்கெல்லாம் என்னால..."

"கோட்டிக்காரி மாதிரிப் பேசாத. கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் ஏறிட்டேன்லா? நீ விழுந்தது எனக்கு வந்தா, நான் ஏறுனது உனக்கு வராதா? நாங்க நாலாயிரம் பேரும் ஒரு தடவ விழுந்து கெடந்த ஆளுவதான். எங்களுக்கு என்ன புதுசா? அத்துவிடாத."

அடுத்த விடியலில் ஜெனிட்டா கண்விழித்துக் காலைத் தரையில் ஊன்றினாள். இரண்டு நாளாகப் பாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நடுக்கம் பாதியாகியிருந்தது. எங்கெங்கோ இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒருவழியாகப் படி ஏறி முடித்திருந்தார்கள்.

இறுதிச் சுற்றில் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டத்தில் ஏறியதும் அரங்கம் அடங்கியது. முதல் சுழற்சி சரியாக வந்தது. தாவல், அதைத் தொடர்ந்து முன்கரணம். பிறகு அதே பின்கரணம். உடல் நீட்டி, தலைகீழாகக் காற்றில் ஒரு கணம் நின்று, இறங்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதம் பாதிதான் சட்டத்தில் இருந்தது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. இருபது வருட அனுபவத்தில் அந்தச் சாய்விலிருந்து யாரும் மீண்டதை அவள் பார்த்ததில்லை.

அப்போது அவளுடைய கால் ஒன்றைச் செய்தது. பாதத்தின் வெளிவிளிம்பு சட்டத்தைப் பற்றியது. இடுப்பு தாழ்ந்தது. வெற்றுக் காற்றில் எதன்மீதோ சாய்வது போல முழு உடம்பும் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே அசையாமல் நின்றது. எந்தப் பயிற்சிக்கூடத்திலும் அப்படி ஒரு நிலை கிடையாது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு, வீசிய காற்று விட்டதும் மரம் நிமிர்வது போல, அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. அவள் கீழே குதித்து நின்ற பிறகுதான் அந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மூச்சு வந்தது. பிறகு எழுந்த சத்தத்தில் மதிப்பெண் அறிவிப்பு யாருக்கும் கேட்கவில்லை. தங்கம்.

"டாக்டர், அந்த நிலை எனக்குத் தெரியாது. யாருடையதுன்னு பாருங்க" என்று ஜெனிட்டா அன்றைக்கே கேட்டாள்.

வஹிதாவின் பதிலுக்கு நேரம் பிடிக்கவில்லை. "இசக்கியம்மாளோடது. போன ஆனிமாசக் காத்துல, கம்பத்து உச்சியில நின்னு கத்துக்கிட்டது."

ஜெனிட்டாவின் பயிற்சியாளர் மும்தாஜ், ஒருகாலத்தில் அவளோடு ஒரே அணியில் ஆடியவள், தலையில் கைவைத்துக்கொண்டாள். "போட்டியில வெளியாள் உதவி கூடாதுன்னு விதி இருக்குட்டி. இது ஒருத்தருக்கும் தெரியாது. நீயா ஏன் நடுவருங்ககிட்ட போய்ச் சொல்லணும்?"

"எனக்குத் தெரியுமே."

அவளே போய்ச் சொன்னதை விசாரிக்க, ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு இரண்டு நாள் கழித்துக் கூடியது. அதன் தலைவி கடுமையானவர் இல்லை. நியாயமாகவே கேட்டார். "உங்கள் ஆட்டத்தில் உங்களுக்கு மட்டுமே சொந்தமான அசைவுகளைப் பிரித்துக் காட்டுங்கள். அவற்றுக்கு மட்டும் மதிப்பெண் தருகிறோம்."

வஹிதா மதுரையிலிருந்து பிரித்துப் பார்த்தார். சட்டத்தில் ஏறிய விதம் ஜெனிட்டாவுடையது. ஆனால் அதை நாலாயிரம் பேர் இரண்டு ஆண்டாகத் திருத்தியிருந்தார்கள். வெறுமனே நிமிர்ந்து நின்றதிலேயே அறுநூறு பேரின் திருத்தம் இருந்தது. அவளுக்கு மட்டுமே உரிய அசைவு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படியானால் தங்கம் இரண்டாமிடத்துக்குப் போக வேண்டும். அந்த வீராங்கனையின் கணுக்காலில் நரம்பிழை இருந்தது. மூன்றாமவளுக்கு மணிக்கட்டில். சின்னக் காயங்களுக்குக்கூட இப்போது வீராங்கனைகள் பலரும் அதையே வைத்துக்கொண்டார்கள்; அவையும் அந்தந்த நாட்டு இணைகற்றலில் இருந்தன. குழு பட்டியலில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. இறுதிச் சுற்றில் ஆடிய எட்டுப் பேரில் இழை இல்லாத உடம்பு ஒன்றே ஒன்றுதான். கடைசி இடம் பெற்ற அய்பெரி. கிர்கிஸ்தானின் ஒரு மலையூர்ப் பெண், பதினேழு வயது. இரண்டு முறை சட்டத்திலிருந்து விழுந்தவள்.

அவளை அழைத்து உட்காரவைத்தார்கள். மேசைமேல் பதக்கம் இருந்தது. விதிப்படி அது அவளுக்குத்தான் என்று தலைவி விளக்கினார். தன் உடம்பால் மட்டுமே ஆடியவள் அவள் ஒருத்திதான்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை அய்பெரி கேட்டாள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த ஜெனிட்டாவைப் பார்த்தாள். மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"எங்கள் ஊரில் பயிற்சியாளர் கிடையாது என்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஏழு வயதிலிருந்து இவருடைய ஆட்டங்களைத் திரையில் பார்த்து, கொட்டகையில் ஒரு மரக்கட்டையைப் போட்டு ஆடிப் பழகினாராம். தனக்குத் தெரிந்தது எல்லாமே இவரிடமிருந்து எடுத்தது என்கிறார்."

"அது வேறு" என்றார் தலைவி. "பார்த்துக் கற்பது வேறு."

அய்பெரி எழுந்தாள். காலணியைக் கழற்றினாள். அறையின் தரையில் இரண்டு பளிங்குக் கற்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடியது. அதன்மேல் ஒரு காலை வைத்தாள். பாதத்தின் வெளிவிளிம்பு தரையைப் பற்றியது. இடுப்பு தாழ்ந்தது. அந்தப் பெண் ஒருநாளும் கண்டிராத பணகுடிக் காற்றின்மேல் அவள் முழுதாகச் சாய்ந்தாள். சாய்ந்தபடி நின்றாள்.

குழுவினர் ஐவரும் அவர்களை அறியாமலே எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நேற்றுக் காலையிலிருந்து பழகினேன் என்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இன்னும் சரியாக வரவில்லையாம்."