கண்ணாடிப் பெட்டியின் மூச்சு

காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டியின் வாயில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு, அன்று காலை அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

உள்பக்கம்தான் சாய வேண்டும். புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்கும் நர்ஸுகளுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்: துண்டு உள்ளே வளைந்தால் பெட்டி காற்றை இழுக்கிறது, மருந்தின் ஆவி உன்னிடம் வராது. இன்று ஜன்னலில்லாத அந்த அறையில், ஸ்பிரிட் நெடிக்கும் மோட்டாரின் முனகலுக்கும் நடுவே, உள்ளே யாரோ உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுவதைப் போல அது அவள் நெஞ்சை நோக்கி எழும்பி எழும்பித் தணிந்தது.

மேட்ரனைக் கூப்பிட்டாள். வந்தவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். பிறகு பையிலிருந்து டேப் எடுத்து, துண்டின் கீழ்நுனியையும் சேர்த்து ஒட்டிவிட்டார்.

"இப்ப ஆடலை பாரு. மெக்கானிக் திங்கக்கிழமை வருவாரு."

"மேடம், இந்த மாசம் நாங்க குழந்தைக்கு முயற்சி பண்றோம். ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு. வேற வார்டு கேட்டு எழுதிக் கொடுத்தேனே."

"உண்டானதும் ரிப்போர்ட்டோட வா. அன்னிக்கே மாத்திடறேன்."

உண்டானது தெரியவே ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரமும் இந்தப் பெட்டிக்கு முன்னாலேயே நிற்க வேண்டுமாம். முதல் தடவை கலைந்தபோது மாமியார் ஸ்கூட்டரைக் குறை சொன்னார். அடுத்த தடவை மாடிப்படியை. வீட்டுக்காரர் தன் ராசியையே திட்டிக்கொண்டார். இந்தப் பெட்டியை மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது ஆறு வருஷமாகத் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

அலமாரியில் பயிற்சிச் சாயம் இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, நீல டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். மருந்து எங்கெல்லாம் சிந்துகிறது என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை, தேதி சொல்லிவிட்டு ஒரு அதிகாரி வருவார். அன்று எல்லாரும் பூனை மாதிரி மெதுவாக வேலை பார்ப்பார்கள், அவரும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், மருந்தே இல்லாத வெறும் சலைனில் சாயத்தைக் கலந்து பத்து பாட்டில் நிரப்பினாள். தினமும் செய்கிற மாதிரியே, அதே அவசரத்தில். நடுவில் போன் அடித்தது, எடுத்துப் பேசினாள். முடித்ததும் கையுறையையும் முகமூடியையும் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிக்கொண்டாள்.

விளக்கை அணைத்தாள். டார்ச்சைப் போட்டாள்.

கழற்றிய கையுறை ஒளிர்ந்தது. அது சரிதான். மேஜை விளிம்பில் பச்சைத் துளிகள், தரையில் செருப்புத் தடம், அது கதவு வரை நடந்து போயிருந்தது. கதவுப் பிடி. போன். நாற்காலியின் கை. பேனாவின் மூடி, அதை அவள் வாயில் கடிப்பாள்.

சுவர்க் கண்ணாடியில் தன் முகம். உதட்டோரம் பச்சை. மூக்கைச் சுற்றிப் பச்சை. முகமூடி மூடியிருந்த இடத்திலேயே.

கழுவிய கையைத் திருப்பினாள். விரலிடுக்கில் இருந்தது.

மோட்டார் முனகியது. அல்லது அவளா? தெரியவில்லை.

சட்டையைத் தூக்கினாள்.

தொப்புளுக்குக் கீழே ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக.

எப்போது வைத்தாள்? உடை மாற்றும்போதா? நினைவே இல்லை. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஈரத் துணியால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தோல் எரிந்தது. டார்ச் அடித்தாள். போகவில்லை.

இது சாயம், அதனால் தெரிகிறது. ஆறு வருஷமாக அவள் கலக்கிய எதுவும் ஒளிராது. உண்டாகியிருந்த இரண்டு தடவையும் அவள் வயிற்றைத் தடவித் தடவித்தான் தூங்கினாள்.

கதவு தட்டப்பட்டு, ஒரு விரல் அளவு திறந்தது. மேட்ரன்.

"என்னம்மா இருட்டுல நிக்கற? சாயங்கால மருந்து வந்தாச்சு, முப்பது பாட்டில் கலக்கணும்."

அவள் டார்ச்சை மறுபடி வயிற்றில் அடித்தாள். டார்ச் நடுங்கியது, வெளிச்சம் நடுங்கியது. வயிற்றில் அந்தப் பச்சைக் கை மட்டும் நடுங்கவில்லை. பிடித்த பிடியில் இருந்தது.