கோளாறு எண் பதினேழு

மூடி நன்றாகத்தான் மூடியிருந்தது. ஆனாலும் லைன் பிரிண்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் 17 என்று காட்டியது. ஆபரேட்டர் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம். 31 என்றால் தாள் சிக்கியிருக்கிறது. 17 என்றால் மூடி திறந்திருக்கிறது. 00 என்றால் ஒரு குறையும் இல்லை. வீட்டில்கூட யாரும் அவனிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மத்தியானம் மூன்றரை மணி. ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசியின் முனகலும், சூடேறிய ரிப்பன் மையின் எண்ணெய் வாடையும், அதற்கு அடியில் கழுவித் துடைத்தும் போகாத துருவாடை ஒன்றும் கலந்து தொண்டையில் படிந்தன.

துருவாடை போன வாரத்தது. எழுத்துகள் பொறித்த இரும்புப் பட்டை, அச்சிட வேலை வந்ததும் உள்ளே சுழலும். மூடி திறந்திருந்தால் ஓரத்துச் சுவிட்ச் அதைச் சுழல விடாது. அந்தச் சுவிட்ச் சும்மா சும்மா முறுக்கிக்கொண்டு, மூடியிருந்தாலும் வேலையை நிறுத்தியதால், அதை அமுக்கிப் பிடிக்க ஒரு பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்துச் செருகியிருந்தான். எல்லா ஆபரேட்டரும் செய்வதுதான். அது தெரியாத மெக்கானிக், அவனுடைய அக்கா புருஷன், மூடியைத் திறந்து கையை விட்டார். வேலை வந்தது. இரண்டு விரல் போனது. கூச்சலுக்கு நடுவே அவன் டிக்கெட்டை உருவி, மென்று விழுங்கிவிட்டு, மெஷின் கோளாறு என்றான்.

போன் அடித்தது. மாமாதான்.

"மாப்ள, வந்துட்டே இருக்கேன். மெஷின் தன் கோளாறையெல்லாம் நேரத்தோட பதிஞ்சு வச்சிருக்கும்ல, பிரிண்ட் எடுத்து வை. மூடி திறந்தது அதுக்கு ஏன் தெரியலன்னு பாக்கணும். வேணும்னா சொல்லு, கூடச் சேர்ந்து எண்ணுறேன். ஆனா எட்டு வரைக்கும்தான்."

சரி மாமா என்றான். வைத்ததும் பதிவை அழிக்கும் பொத்தானை அமுக்கினான்.

பிரிண்டர் அழிக்கவில்லை. அச்சடித்தது. 17, காலை 10:42. அடுத்த வரியிலும் 17, காலை 10:42. விரல் போன அதே நிமிடம். அன்று சொல்ல விடாததை வரிவரியாக, பக்கம் பக்கமாகக் கக்கியது. அவன் சுவிட்ச் போர்டில் மின்சாரத்தை அணைத்தான். எழுத்தைத் தாளில் அடிக்கும் சுத்தியல்கள் நிற்கவில்லை. தாளைப் பிடித்து இழுத்தான்.

31.

பட்டை நின்றது. விளக்கு சிவந்தது. மாமா வருவதற்குள் அந்தத் தாள் வெளியே வந்தாக வேண்டும். மூடியைத் திறந்தான். டிக்கெட்தான் இல்லையே, பயமில்லை. முழங்கை வரை விட்டான். உள்ளே கதகதப்பாக இருந்தது. உடம்புச் சூடு. விரலில் கிழிந்த தாள் தட்டுப்பட்டது. இழுத்தான். கை வரவில்லை. தாளை நகர்த்தும் முள்வரிசையில் சட்டைக் கை மாட்டியிருந்தது.

மறு கையால் விடுவிக்கக் குனிந்தான். சுவிட்ச் கண்ணில் பட்டது.

அதன்மேல் டிக்கெட்.

எட்டாக மடித்தது. எச்சில் ஈரத்தோடு. பல் தடத்தோடு.

சிவப்பு விளக்கு அணைந்தது.

மாமா வந்துவிட்டார்; அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அவர் குரல் வந்தது. "மாப்ள, மூடியிருக்குன்னு காட்டுதே. சோதிக்க ஒரு பக்கம் அனுப்புறேன்."

வாயைத் திறந்தான். நாக்கில் மை. சத்தம் வரவில்லை.

திரையில் 00.

பட்டை சுழன்றது.